எடுவிஹெஸின் கோழிக்கு ஒரு பதில்

நாகுவா நகர இசைக்குழுவின் முதல் சாக்ஸபோன் கலைஞர் டான் எவாரிஸ்தோ பொலாங்கோ அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், பூங்கா மண்டபத்தில், ஊரார் முன்னிலையில் குழுவினர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பித்தளைக் குழலுக்குள் பெருமூச்சைப் புகுத்திப் பேரிசையாய்ப் பிழிந்தெடுத்த பெருந்தகையே, நம் ஆட்டப்பாட்டாகிய மெரெங்கேயின் மிடுக்கையும் ஜாஸின் மயக்கத்தையும் ஒரே மூச்சில் மணம் முடித்து வைத்த மாண்பாளரே, கடற்காற்று தின்று தீர்த்த இந்த மண்டபத்தின் மூன்றாம் நாற்காலியை முப்பத்தெட்டு ஆண்டுகள் முள்ளாகவும் அரியணையாகவும் ஒருங்கே ஆண்டவரே, எங்கள் மதிப்புக்கும் மனத்தாங்கலுக்கும் ஒருசேர உரியவரே, வணக்கம்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் தலைவர் மாஸ்டர் ரேய்னோசோ கட்டளையிட்டிருக்கிறார். அடைமொழி குறைந்தால் மரியாதை குறைந்து போகும் என்பது அவர் கட்சி. எழுதவும் வாசிக்கவும் என்னைப் பிடித்துப் போட்டார்கள். கிளாரினெட் வாசிக்கும் பெல்கிஸ், உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி. இத்தனை வருடமாக உங்கள் வாத்தியத்திலிருந்து வடிந்த எச்சில் நீரெல்லாம் என் செருப்பின் மேல்தான் விழுந்திருக்கிறது. ஆகவே உங்களைப் பற்றிப் பேசும் உரிமை எனக்குத்தான் அதிகம் என்று குழுவில் ஒருமனதாக முடிவாயிற்று.

பணி ஓய்வு விழா என்றால் மாலை போடுவதும், கேக் வெட்டுவதும், நாலு பேர் நாலு பொய்யை நல்லவிதமாகச் சொல்லிக் கைதட்டி அனுப்புவதும் உலக வழக்கம். அந்தக் கொடுப்பினை உங்களுக்கு இல்லை. இங்கே கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், நீங்கள் இன்று சாக்ஸபோனைக் கீழே வைத்தால் நாளை மாலை உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று. நிலைக்கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடுவார்கள். யோவானியின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உங்கள் ஒரே மகனும் எங்கள் மேளக்காரனுமாகிய யோவானிக்கு, அவன் படகேறிப் போய்ப் பதினோரு ஆண்டுகள் கழித்து, இறந்தவருக்குச் சொல்லும் நவநாள் ஜெபத்தின் முதல் நாள் தொடங்கும். நீங்கள் உங்கள் மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது.

"நான் வாத்தியத்தக் கீழ வைக்கிற அன்னிக்கு நீ மெழுகுவர்த்திய ஏத்து. அதுவரைக்கும் இந்த வீட்ல யாரும் சாகல" என்று சொன்னீர்கள். சுவருக்கும் காது உண்டு, டான் எவாரிஸ்தோ. உங்கள் வீட்டுச் சுவர் வெறும் பனம்பலகை.

ஆகவே இது ஓய்வுக்கான மடலா, இரங்கலுக்கான மடலா என்று எழுதிய எனக்கே பிடிபடவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

காதுக்கும் காலுக்கும் கல்யாணம் செய்து வைத்த கலைஞரே,

உங்கள் இளமையில் இந்த ஊரில் சாக்ஸபோன் என்றால் மெரெங்கேயின் கடைசிப் பகுதியில், ஆட்டம் சூடுபிடிக்கும் இடத்தில், ஒரே இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப அரைத்துத் தள்ளும் கருவி. அவ்வளவுதான். நீங்களோ கொப்பரைக் கிடங்கின் பரண்மேல் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அக்கரைத் தீவின் நிலையத்திலிருந்து வரும் ஜாஸைக் கேட்டுக் கேட்டு, அந்த வளைவையும் நெளிவையும் நம்முடைய ஓட்டத்துக்குள் கொண்டுவந்துவிடத் துடித்தீர்கள். சான் ஹுவான் திருவிழாவில் முதல்முறையாக அதை வாசித்த கதையை நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றது. தேங்காய் மூட்டை தூக்கும் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மண்டபத்துக்குக் கீழே வந்து நின்று கேட்டாராம்.

"ஏம்ப்பா, நீ ஊதறது காதுக்கு நல்லாத்தான் இருக்கு. என் கால எங்க வைக்கட்டும், அதச் சொல்லு."

வேறொரு மேதாவியாக இருந்தால் அந்த மனிதரை ஞானசூனியம் என்று திட்டிவிட்டுத் தலைநகருக்குத் தலைதெறிக்க ஓடியிருப்பார். நீங்கள் வீட்டுக்குப் போய் யோசித்தீர்கள். ஆண்டுக்கணக்கில் யோசித்தீர்கள். காது அலையலாம், கால் அலையக் கூடாது என்று கண்டீர்கள். "மேளம் முளைக்குச்சி. நான் கட்டிப்போட்ட ஆடு. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் மேய்ச்சல்" என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். அந்த முளைக்குச்சியாக நிற்க உங்களுக்குக் கடைசியில் கிடைத்தவன் உங்கள் மகன். நீங்கள் எவ்வளவு தூரம் போனாலும் அவன் அசையமாட்டான். அவன் அசையமாட்டான் என்ற தைரியத்தில்தான் நீங்கள் அவ்வளவு தூரம் போனீர்கள். தகப்பனும் மகனும் வாசிக்கும்போது கிழக்கே சமானாவிலிருந்தும் ஆட்கள் வந்து இந்தப் பூங்காவில் ஆடிவிட்டுப் போனார்கள்.

"எடுவிஹெஸின் கோழி" பிறந்த கதையை இங்கே சொல்லாவிட்டால் இந்த மடல் மடலாகாது. உங்கள் மனைவி டோனியா எடுவிஹெஸிடம் ஒரு புள்ளிக்கோழி இருந்தது. அவரைப் போலவே அதற்கும் முன்கோபம். ஒருநாள் அது காணாமல் போக, அவர் மூன்று தெரு அலைந்து கூப்பிட்டார். கோழியோ குழுவின் அறையில், கவிழ்த்துப் போட்ட கூடைக்குள் இருந்தது. கூடைமேல் மேளத்தை வைத்து, மேளத்தின் மேல் முழங்கையை ஊன்றி, ஒன்றும் தெரியாத பூனைபோல் யோவானி உட்கார்ந்திருந்தான். அந்த வாரமே நீங்கள் அதைப் பாட்டாக்கினீர்கள். சாக்ஸபோன் உங்கள் மனைவியின் குரலில் கூப்பிடும், "எங்க போன, எங்க போன" என்று. கடைசியில் குரல் மேலேறி வளையும் இடம் மட்டும் ஜாஸ். உடனே மேளம் நான்கு அடியில் பதில் சொல்லும், "இங்கதான் இருக்கேன்." கூட்டம் சிரிப்பில் உருளும்.

"ஊருக்கெல்லாம் என் கோழி பாட்டாயிடுச்சு. இனிமே அப்பனுக்கும் புள்ளைக்கும் முட்டை கெடையாது" என்றார் டோனியா எடுவிஹெஸ். சொன்னபடியே சில நாள் முட்டை இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் முதல் பெஞ்சில் விசிறியோடு வந்து உட்கார்ந்து, அந்தப் பாட்டு வரும்வரை எழுந்து போகமாட்டார்.

காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவரே,

அந்த முதல் பெஞ்சு காலியானதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கடக்கலாம் என்றுதான் மாஸ்டர் ரேய்னோசோ நினைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் மனிதர் சொல்வதைவிட உங்கள் எச்சிலில் நனைந்த நான் சொல்வது மேல்.

இருபத்திரண்டு வயதில் யோவானி போனான். விடியுமுன், கிழக்குக் கரையிலிருந்து, நாற்பது பேருக்கு மேல் ஏறிய மரப்படகில், அக்கரைத் தீவுக்கு. மேளத்தைக் குழுவின் அறையிலேயே விட்டுவிட்டு, தன் ஞானத்தகப்பனும் நம் குழுக்காரருமான செனோனிடம் மட்டும், "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன். அப்பாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று சொல்லிப் போனான். அந்தப் பக்குவம் செனோனுக்கு இன்றுவரை கூடிவரவில்லை. கூப்பிடுவதாகச் சொன்னவனும் கூப்பிடவில்லை. அந்தப் படகில் போன யாருமே கூப்பிடவில்லை. சில நாள் கழித்து ஒரு எண்ணெய் டப்பாவும் சில செருப்புகளும் கரையில் ஒதுங்கின. நீங்கள் ஒவ்வொரு செருப்பாக எடுத்து, திருப்பி, அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வைத்தீர்கள்.

"இது அவன் அளவில்ல" என்றீர்கள்.

உண்மைதான். எதுவும் அவன் அளவில்லை. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இத்தனை வருடமாகக் குடியிருந்தீர்கள்.

அந்தப் படகில் ஆள் போன மற்ற வீடுகள் மனதைத் தேற்றிக்கொண்டன. உடல் இல்லாததால் படத்தை வைத்து ஜெபம் செய்தார்கள். அந்த ஒன்பது நாளும் ஊர் முழுக்க ஜெபமாலையின் முணுமுணுப்பு, இஞ்சித் தண்ணீரின் வாசனை, வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கும் ஆண்கள். உங்கள் வீட்டில் மட்டும் சன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து சாக்ஸபோனில் ஸ்வர வரிசை வந்தது. ஜெபம் சொல்லும் அம்மாள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் வாசலில் நின்று, "இந்த வீட்டுக்கு நான் எப்ப வரணும்?" என்று கேட்டார்.

"யாராவது செத்தா ஆள் அனுப்புறேன்" என்றீர்கள்.

நம் ஊர் வழக்கம் ஊருக்கே தெரியும். வாத்தியம் ஒலிக்கும் வீட்டில் ஜெபம் ஏறாது. பாட்டைக் கேட்டுக்கொண்டு ஆத்மா வாசலிலேயே நின்றுவிடும், மேலே போகாது. ஜெபம் முடிந்த வீட்டில் ஓராண்டுக்கு வாத்தியத்தைத் தொடக் கூடாது. ஆகவே வாத்தியம் வாசிக்கிறவர் ஒருவர் வீட்டில் இருந்து, அவர் நிறுத்தவும் மறுத்தால், அந்த வீட்டில் சாவு நடந்ததாகவே ஆகாது. வழக்கத்தையே வழக்காக மாற்றி, அதில் நீங்களே வாதாடி, நீங்களே தீர்ப்பும் எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் ஊதிக்கொண்டிருக்கும்வரை உங்கள் மகன் உயிரோடு இருந்தான். டோனியா எடுவிஹெஸ் எட்டாம் நாளே கறுப்பு உடுத்தினார். ஒரே கூரைக்குக் கீழே அவர் கறுப்பிலும் நீங்கள் மஞ்சள் சட்டையிலும் வாழ்ந்தீர்கள். பெத்த மனம் பித்து என்பார்கள், இந்த ஆளுக்கு நெஞ்சே கல்லு என்று சந்தையில் பேசினார்கள். கல் அல்ல என்பது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். கல்லாக இருந்திருந்தால் எப்போதோ கீழே வைத்திருப்பீர்கள்.

செனோன் ஒருநாள் எங்கள் எதிரிலேயே உங்களிடம் கேட்டுவிட்டார்.

"எவாரிஸ்தோ, நான் அவனுக்கு ஞானத்தகப்பன். எனக்கும் பாத்தியதை உண்டு. அந்தப் புள்ளைய எத்தன நாளைக்குய்யா வாசல்லயே நிக்க வப்ப?"

"உள்ள வந்தா அவன் செத்தவன். வாசல்லயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சீவாளியை நாக்கில் நனைத்து வாத்தியத்தில் பொருத்தினீர்கள்.

மௌனத்தைக்கூட மெட்டுக்குள் அடக்கிய மேதையே,

யோவானி போன பிறகு வந்த முதல் ஞாயிறு. அதுவரை தகரத்தைச் சுரண்டித் தாளம் கொடுத்துக்கொண்டிருந்த செனோன், சுரண்டியை வைத்துவிட்டுக் குழுவின் பழைய மேளத்தை மடியில் எடுத்தார். யோவானியின் மேளத்தைத் தொட அவருக்குக் கை வரவில்லை. "எடுவிஹெஸின் கோழி" தொடங்கியது. சாக்ஸபோன் கூப்பிட்டது. செனோன் கையை ஓங்கினார். நீங்கள் திரும்பி அவரைப் பார்த்தீர்கள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. நான்கு அடி விழ வேண்டிய இடம் காலியாகக் கடந்து போனது. ஆடியவர்களின் செருப்பு சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் கடல் கேட்டது. நீங்கள் இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு மேலே போனீர்கள். அன்றிலிருந்து அந்த இடத்தை நாங்கள் காலியாகவே விட்டு வந்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசி முடிவெடுக்கவில்லை.

அந்தக் காலியிடம்தான் உங்களுக்குப் புகழைக் கொண்டுவந்தது. எங்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தலைநகரிலிருந்து ஒரு ரேடியோக்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். ஜாஸ் விழாவுக்கு அழைத்தார்கள். அங்கே ஆயிரம் பேர் அந்தக் காலியிடத்துக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். வெறுமையை வாத்தியமாக்கிய கலைஞர், நியூயார்க்கின் நுட்பத்தைக் கரையோர மெரெங்கேக்குள் கொண்டுவந்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். இசைப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகினார்கள். இன்று எந்தெந்த ஊரிலோ, எந்தெந்தக் குழுவோ, யாருக்காக என்று தெரியாமலே அந்த நான்கு அடியை விட்டுவிட்டு வாசிக்கிறது.

"இந்த மௌனத்த யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?" என்று அந்த ரேடியோக்காரர் கேட்டார்.

"வீட்ல" என்றீர்கள்.

அவர் நல்ல நகைச்சுவை என்று சிரித்தார். நாங்கள் எல்லோரும் அவரவர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு திருவிழாவில் வெளியூர்ப் பையன் ஒருவன், உள்ளே போன சரக்கின் தைரியத்தில், அந்தக் காலியிடத்தில் "கோழி சட்டியில இருக்கு" என்று கத்தினான். விவரம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். செனோன் மேளக்குச்சியை வீசியெறிந்து அவன் நெற்றியைப் பிளந்தார். இந்தக் குழு ஊராரிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு முறைதான். நீங்கள் மட்டும் நிறுத்தவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டீர்கள், மேலே போனீர்கள்.

அக்கரைத் தீவுக்குக் குழு போனதையும் சொல்ல வேண்டும். படகு போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய கரை அது. நாம் விமானத்தில், விசாவோடு, ஒரே மணி நேரத்தில் போய் இறங்கினோம். சன்னலோரத்தில் உட்கார்ந்து கீழே தண்ணீரைப் பார்த்தபடியே வந்தீர்கள், சாப்பாட்டைத் தொடவில்லை. போன ஊரிலெல்லாம் "கோழி"யை வாசித்தே ஆக வேண்டும் என்றீர்கள். வாசிக்கும்போது கூட்டத்தின் முகங்களை நீங்கள் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கைகளைப் பார்த்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மொகம் மாறிடும் பெல்கிஸ். பேரக்கூட மாத்திக்கிட்டு இருப்பான். மேளக்காரன் கை மாறாது. பதில் வர்ற எடத்துல அது தானா ஆடும்" என்றீர்கள். ஊர் ஊராகக் கூப்பிட்டீர்கள். ஊர் ஊராகக் கைதட்டினார்கள். எந்தக் கையும் ஆடவில்லை. திரும்பும்போது விமான நிலையத்தில், "கூட்டம் ஜாஸ்தி. பின்னாடி நின்னிருப்பான், சரியா கேட்டிருக்காது" என்றீர்கள்.

பிறகு நியூயார்க்கிலிருந்து வந்த அழைப்பை மறுத்துவிட்டீர்கள். போயிருந்தால் எங்கேயோ போயிருப்பீர்கள் என்று மாஸ்டர் ரேய்னோசோ இன்றும் அங்கலாய்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து பார்க்கும்போது உங்கள் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பது உங்கள் காரணம். ஒரு கலைஞனின் வாழ்க்கையை ஒரு நாற்காலிக்குள் அடக்கிவிட்டீர்கள். அதற்காக உங்களைப் பாராட்டுவதா திட்டுவதா என்று கேட்டால், இரண்டையும் செய்வதற்குத்தான் இந்த மடல்.

வாய் விழுந்த பின்னும் வாசிப்பை விடாதவரே,

இந்த வருடம் ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலையில் எழுந்தபோது உங்கள் இடப்பக்கத்து வாய் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. காப்பி ஒழுகியது. காற்றும் ஒழுகியது. நீங்கள் உதட்டோரத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். மாஸ்டர் உங்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுருதியை இறக்கினார். நாங்கள் உங்கள் பகுதியையும் சேர்த்து வாசித்து மறைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். போன மாதம் ஒரு ஞாயிறு, "கோழி"யில் நீங்கள் கூப்பிட வேண்டிய இடத்தில் வெறும் மூச்சு மட்டும் வந்தது. மறுபடி ஊதினீர்கள், மறுபடியும் மூச்சு. ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அந்த இடத்தில் செருப்புச் சத்தம்கூட இல்லை.

நீங்கள் சீவாளியைக் கழற்றி, துடைத்து, டப்பாவில் வைத்தீர்கள். "மாஸ்டர், என் பேப்பரப் போட்டுடுங்க" என்றீர்கள். அதன் பொருள் என்ன என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் வாயால் உங்கள் மகனுக்கு நீங்கள் எழுதிய மரண அறிவிப்பு அது.

இனி உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை ஒத்திகை. கன்னத்துக்கு மின்சார வைத்தியம் என்று நீங்கள் மருத்துவமனைக்குப் போயிருந்தீர்கள். குழுவின் அறைக் கதவைத் திறந்துகொண்டு டோனியா எடுவிஹெஸ் உள்ளே வந்தார். யோவானி போன நாளிலிருந்து அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. ஞாயிறானால் உங்கள் வீட்டுச் சன்னல்களை எல்லாம் அவர் சாத்திவிடுவார் என்று ஊருக்கே தெரியும். வாசிப்பைக் கேட்கப் பிடிக்காமல்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். அவர் யோவானியின் முக்காலியில் உட்கார்ந்தார், யாரையும் பார்க்காமல் பேசினார்.

"சன்னலச் சாத்தினா கேக்காதுன்னா நெனச்சீங்க? மூணு தெரு. பாட்டு ஆரம்பிச்சா என் நெஞ்சு அந்த எடத்துக்கு முன்னாடியே போயி நின்னுக்கும். வாராவாரம் என் கொரல்ல என் புள்ளையக் கூப்பிடுவாரு. என் கொரல்ல. அப்பறம் ஒண்ணுமிருக்காது. அவருக்கு அது நம்பிக்க. உங்களுக்குக் கைதட்டு. எனக்கு வாராவாரம் சாவு."

உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்த அந்தக் காலியிடம், மூன்று தெருவுக்கு அப்பால் சாத்திய சன்னலுக்குப் பின்னால் ஒரு தாயின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"திங்கக்கெழம ஜெபம். அதுக்கு முன்னாடி அந்தக் கோழிக்கு ஒரு பதிலச் சொல்லிடுங்க. பதில் வராம அந்த மனுஷன் வாத்தியத்த வைக்க மாட்டாரு. கையால வச்சாலும் காதால வைக்க மாட்டாரு. ஒம்பது நாளும் வாசலையே பாத்துக்கிட்டு ஜெபத்துல உக்காருவாரு."

மாஸ்டர் ரேய்னோசோ தொண்டையைச் செருமினார். "அம்மா, டான் எவாரிஸ்தோகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"வீட்ல கேட்டா முடியாதும்பாரு. மேடையில கேளுங்க. மேடையில அந்த மனுஷன் எதையும் மறுத்து நான் பாத்ததில்ல."

அலமாரியின் மேல் சாக்குத்துணியில் சுற்றியிருந்த யோவானியின் மேளத்தைச் செனோன் இறக்கினார். உப்புக்காற்றில் தோல் வெடித்திருந்தது. இந்த மூன்று நாளில் அவரே புதுத்தோல் கட்டியிருக்கிறார். ஒருபக்கம் கிடாத்தோல், மறுபக்கம் ஈனாத பெட்டையாட்டின் தோல். அது யோவானியின் பிடிவாதம், செனோன் மறக்கவில்லை. ஆனால் அன்று மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் தயங்கினார்.

"எடுவி, அந்த நாலடி என்ன சொல்லுதுன்னு ஊருக்கே தெரியும். 'இங்கதான் இருக்கேன்'னு சொல்லுது. மறுநா அவனுக்கு ஜெபத்த வச்சுக்கிட்டு நான் எப்படி அத அடிப்பேன்? பொய்யாயிடாதா?"

டோனியா எடுவிஹெஸ் எழுந்து போய், கடலைப் பார்த்த சன்னலைத் திறந்தார். காற்றில் எங்கள் தாள்களெல்லாம் பறந்தன.

"எது பொய்? அந்தத் தண்ணியிலதான இருக்கான். தண்ணி எங்க இருக்கு? இங்கதான இருக்கு. அடி" என்றார்.

எங்கள் அன்புக்கும் ஆற்றாமைக்கும் உரியவரே,

நூறாண்டு வாழ்க, நோய்நொடியின்றி வாழ்க என்று வாழ்த்தி முடிப்பது மரபு. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவருக்கு நூறாண்டு என்பது வாழ்த்தா, தண்டனையா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே கொஞ்சமாகவே வாழ்த்துகிறோம். வாய் நேராகாவிட்டாலும் காப்பி ஒழுகாமல் குடிக்கும் நாள் வரட்டும். ஞாயிறு மாலைகளில் உங்கள் வீட்டுச் சன்னல் திறந்திருக்கட்டும். ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம், தேங்காய்ப்பாலில் வேகும் மீனுக்கு நான் பொறுப்பு. அதன் பிறகு டோனியா எடுவிஹெஸின் அருகில், வாசலைப் பார்க்காமல், ஒரு இரவாவது நீங்கள் முழுதாகத் தூங்க வேண்டும். இவ்வளவுதான் எங்களால் மனதாரக் கேட்க முடிந்த வரம்.

இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். வீட்டில் கண்ணாடியை மூடும்போது இதையும் மூடிவிடுங்கள், பிறகு திறந்துகொள்ளலாம்.

இப்போது எழுந்திருங்கள். "எடுவிஹெஸின் கோழி." மாஸ்டர் கோலை எடுத்துவிட்டார். யோவானியின் மேளம் செனோனின் மடியில் இருக்கிறது. நீங்கள் கூப்பிடும் அந்த ஒரு இடத்தை மட்டும் ஊதினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மூச்சு மட்டும்தான் வரும் என்று பயப்பட வேண்டாம். முதல் பெஞ்சைப் பாருங்கள். பதினோரு வருடம் கழித்து, கறுப்பு உடையில், அதே விசிறியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். உங்களால் முடியாவிட்டால் தானே கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், முதலில் அது அவர் குரல்தானே.

கூப்பிடுங்கள், டான் எவாரிஸ்தோ. இந்த முறை செனோன் ஓங்கிய கையை நிறுத்தமாட்டார். பதிலைக் கேட்டுவிட்டு வாத்தியத்தைக் கீழே வையுங்கள்.

இப்படிக்கு,
நாகுவா நகர இசைக்குழுவினர்

மாஸ்டர் ரேய்னோசோ, குழுத் தலைவர்
பெல்கிஸ், கிளாரினெட்
மற்றும் ஊதுவோர், உரசுவோர் அனைவரும்
மேளம்: யோவானி பொலாங்கோ. அவன் கையாக, ஞானத்தகப்பன் செனோன்